181, சகி மையம், மகளிர் ஸ்டேஷன், பாதுகாப்பு அலுவலர்: குடும்ப வன்முறைக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

அடி வாங்கிய பெண்ணுக்கு ஊர் சொல்லும் முதல் யோசனை, "மகளிர் ஸ்டேஷன்ல ஒரு பெட்டிஷன் குடும்மா" என்பது. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்த நாளிலிருந்து, முப்பது வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் யோசனை. தப்பில்லை. ஆனால் இன்று ராத்திரி எங்கே படுப்பது, நாளைக்குப் பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் போகும், வீட்டைவிட்டுத் துரத்தினால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு அந்தப் பெட்டிஷனில் பதில் கிடையாது. பதில் இருக்கும் அலுவலகம் வேறு. அதன் பெயர் பலருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் இதற்காக இருக்கும் அரசுச் சேவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எதைத் தரும், எங்கே சறுக்கும் என்று இங்கே எடைபோடுகிறோம். எல்லாமே இலவசம் என்பதால் விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. செலவாவது நேரமும் தெம்பும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர் போக வேண்டிய கதவுகளுக்கு இவ்வளவு குறைவான விளம்பரம் இருப்பதே முதல் குறை.

இது வன்முறைதானா?

"அவர் அடிக்கிறதில்லைங்க, ஆனா…" என்று தொடங்கும் பெண்களுக்கு எங்கள் சிபாரிசு, 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளோடு வரும் படிவம் 1. வழக்கு வட்டாரத்தில் இதை டி.ஐ.ஆர். என்பார்கள், குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை. பாதுகாப்பு அலுவலர் (இந்தச் சட்டத்துக்காக மாவட்டத்தில் இருக்கும் அரசு அலுவலர்) நிரப்பும் அரசுப் படிவம்தான் என்றாலும், தன் நிலைமையைத் தானே பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல கண்ணாடி இல்லை. அறைவது, உதைப்பது, கடிப்பது, தள்ளுவது ஒரு கட்டத்தில். விருப்பமில்லாத உடலுறவு, ஆபாசப் படம் பார்க்கச் சொல்லி வற்புறுத்துவது இன்னொன்றில். ஆண் குழந்தை இல்லை, சீர் கொண்டுவரவில்லை என்று குத்திப் பேசுவது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, யாரையும் சந்திக்கவிடாமல் அடைத்து வைப்பது, 'செத்துப்போய்விடுவேன்' என்று மிரட்டுவது ஆகியவை வாய்மொழி, மனரீதி வன்முறைக் கட்டத்தில். அடுத்த கட்டம் பணம்: சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் காசு தராதது, வாடகை கட்டாமல் விடுவது, அவள் நகையைக் கேட்காமல் அடகு வைப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது.

அந்தப் பணக் கட்டத்தைப் படிக்கும்போதுதான் பலருக்கு உறைக்கும். ஏ.டி.எம். கார்டு மாமியார் பீரோவில், சம்பளம் வந்த குறுஞ்செய்தி அவர் போனில், மகளுக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்க ஐம்பது ரூபாய்க்குக் கை நீட்டி நிற்பது. இது 'குடும்ப நிர்வாகம்' அல்ல. சட்டம் இதற்குப் பொருளாதார வன்முறை என்று பெயர் வைத்திருக்கிறது.

மனைவிக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்பது பரவலான தப்பு எண்ணம். குடித்துவிட்டு வரும் மகனிடம் அடிபடும் தாய், அண்ணன் வீட்டில் வதைபடும் தங்கை, கணவர் இறந்தபின் மாமனார் வீட்டில் துரத்தப்படும் மருமகள், திருமணம் பதிவாகாமல் திருமணம் போலவே சேர்ந்து வாழ்ந்த பெண் என எல்லாரும் மனு போடலாம். எதிர் மனுதாரர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரியை உச்ச நீதிமன்றம் 2016-இல் நீக்கிவிட்டது. மாமியார், நாத்தனார் மீதும் மனு போட முடியும்.

எல்லா வன்முறையும் ஒரே அளவு ஆபத்தல்ல. உடனே எழுந்து போக வேண்டிய அடையாளங்கள் சில: கழுத்தை நெரிப்பது, கர்ப்பமாக இருக்கும்போது அடிப்பது, கத்தியையோ மண்ணெண்ணெய்க் கேனையோ கையில் எடுத்து மிரட்டுவது, 'உன்னையும் பிள்ளையையும் கொன்னுட்டு நானும் சாவேன்' என்பது, போகும் இடமெல்லாம் பின்தொடர்வது. இவற்றில் கழுத்தை நெரிப்பதை மட்டும் யாரும் போதுமான அளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியே தழும்புகூட இருக்காது. ஆனால் குரல் கரகரத்துப் போவது, விழுங்கும்போது வலி, கண் வெள்ளையில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள், அந்த நேரம் சிறுநீர் பிரிந்தது, சில நொடி நினைவு தப்பியது ஆகியவை உள்ளே அடிபட்டிருப்பதைக் காட்டும். கழுத்து ரத்தக்குழாய்க் காயம் ஓரிரு நாள் கழித்துக்கூடப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். 'இப்போ சரியாயிடுச்சு' என்றாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். ஒருமுறை நெரித்தவர் பின்னால் கொல்லும் வாய்ப்பு, வெறுமனே அடிப்பவரைவிடப் பல மடங்கு அதிகம்.

181, 112

கதவுக்கு வெளியே அவர் அரிவாளோடு நிற்கிறார் என்றால் 112. பேச நேரமிருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் 181. இதைக் குழப்பிக்கொள்வதால் போகும் நேரம் கொஞ்சமல்ல.

181 மகளிர் உதவி எண், கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு. நல்ல அம்சம், பெயர் சொல்லாமலும் பேசலாம். பக்கத்து வீட்டுக்காரரும் பேசலாம். சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது எந்த வழக்கும் வராது. குறை என்னவென்றால், 181 இணைத்துவிடும் இடம்தான். நேரில் வந்து நிற்பது காவல்துறையோ, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு உதவி மையமான சகி மையமோதான். அதனால் பேசும்போது 'எனக்குக் கஷ்டமா இருக்கு' என்று தொடங்கி அரை மணி நேரம் அழுதபின் போனை வைத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அழுவது தப்பில்லை. வைப்பதற்கு முன் மூன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்: என் மாவட்ட சகி மையத்தின் நேரடி எண், பாதுகாப்பு அலுவலரின் அலுவலக எண், இந்த அழைப்பின் பதிவு எண். திரும்ப அழைக்க எந்த நேரம் பாதுகாப்பு என்பதையும் நாமே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த எண்ணிலிருந்து போன் வரும்.

போன் விஷயத்தில் இன்னும் சில. அழைப்புப் பட்டியலில் 181-ஐ மட்டும் அழித்தால் போதாது, அவரிடம் ஓ.டி.பி. போகும் சிம் என்றால் பக்கத்து வீட்டு போன்தான் நல்லது. வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். தெரியாத கணினிப் பெயர் இருந்தால் உங்கள் அரட்டை எல்லாம் அங்கேயும் ஓடுகிறது. கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். ஆனால் கண்டுபிடித்த நிமிஷமே எல்லாவற்றையும் அணைக்க வேண்டாம். திடீரென்று அணைந்தால் அவருக்குச் சந்தேகம் வரும். வீட்டைவிட்டு இறங்கும் நேரத்தில் அணைப்பதே சரி.

ஏனென்றால், கிளம்பும் நாளும் அடுத்து வரும் சில வாரங்களும்தான் மிக ஆபத்தான காலம். சண்டைக்கு நடுவே 'நான் போறேன்' என்று அறிவித்துவிட்டுக் கிளம்புவது, தெரிந்தவர்கள் யாரும் சிபாரிசு செய்யாத வழி. அவர் வேலைக்குப் போன பிறகு, வழக்கமாகக் கடைக்குப் போகும் நேரத்தில், வழக்கமான பையோடு. பையில் இருக்க வேண்டியது ஆதார், ரேஷன் கார்டு நகல், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகையும் ஒரு கல்யாண போட்டோவும், நகை வாங்கிய பில் அல்லது அடகுச் சீட்டு, தினமும் போடும் மாத்திரை, சார்ஜர். அசலை எடுத்தால் தெரிந்துவிடும் என்றால் போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி, நம் போனில் அழித்துவிடலாம். கையில் காசே இல்லாவிட்டாலும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், யு.பி.ஐ.-இல் பணம் கட்டினால் எந்த ஊர், எந்த நேரம் என்று குறுஞ்செய்தி அவர் போனுக்குப் போகும் வீடுகளில் இது பெரிய வசதி. அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் இதை நினைத்திருப்பார்களா தெரியாது.

அரசு மருத்துவமனை: ஏ.ஆர். காப்பி

இந்தப் பட்டியலில் யாரும் 'உதவிச் சேவை' என்று எண்ணாத இடம் இது. எங்கள் மதிப்பீட்டில் மிக முக்கியமானது.

அவசரப் பிரிவில் அடிபட்டுப் போனால் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. அதில் 'யாரால், எதனால், எப்போது, எங்கே' என்று ஒரு வரி வரும். கூட வந்த மாமியார் முந்திக்கொண்டு "மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டா டாக்டர்" என்பார். பெண்ணும் தலையாட்டுவாள். அந்த வரி அப்படியே பதிவாகும். இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டும் தாள் அதுதான்.

"கூட வந்தவங்க கொஞ்சம் வெளியே இருக்கட்டும்" என்று மருத்துவரிடமோ நர்ஸிடமோ கேட்கலாம். பிறகு: "நேத்து ராத்திரி ஒன்பதரை மணிக்கு, வீட்டுச் சமையலறையில, என் வீட்டுக்காரர் தோசைக் கரண்டியால அடிச்சாரு, இடது முழங்கையில. அப்புறம் கழுத்தைப் பிடிச்சாரு." இவ்வளவு போதும். காயத்தின் நீள அகலம், நிறம், எந்தப் பக்கம் என்று அவர் எழுதுவார். பழைய காயம் இருந்தால் அதையும் காட்ட வேண்டும். கன்றிப்போன இடம் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தெளிவாகத் தெரியும் என்பதால், போட்டோவை அந்த நாட்களிலும் எடுத்து வைக்கலாம்: ஒன்று முகத்தோடு சேர்த்து, ஒன்று அருகிலிருந்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்காக.

போலீஸ் கேஸ் போடாமல் சிகிச்சை கிடையாது என்று சொன்னால் அது சரியல்ல. டி.ஐ.ஆர். இல்லை என்ற காரணத்துக்காக மருத்துவ உதவியை மறுக்கக்கூடாது என்று விதிகளே சொல்கின்றன. தீக்காயம் என்றால் வேறு கவனம் தேவை: 'ஸ்டவ் வெடிச்சிருச்சு' என்பது பல ஊர்களில் எழுதி வைத்த வசனம் மாதிரி ஆகிவிட்டது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு வரும் பெண்களோடு பி.சி.வி.சி. என்ற சென்னைத் தொண்டு நிறுவனம் பல வருடங்களாக வேலை செய்கிறது. உடல் ஆறிய பிறகும் நீளும் அந்தப் பராமரிப்பை அரசு அமைப்புகள் இன்னும் பெரிதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

சகி மையம்

முழுப்பெயர் ஒருங்கிணைந்த சேவை மையம். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். மாவட்டத்துக்கு ஒன்றாவது உண்டு. மருத்துவமனைக்குள்ளோ, இரண்டு கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும் என்பது திட்ட விதி. ஒரே கூரைக்குக் கீழே ஐந்து வேலை: மருத்துவ உதவி, போலீஸ் உதவி, சட்ட உதவி, மன ஆலோசனை, தற்காலிகத் தங்கல்.

தங்கல் அதிகபட்சம் ஐந்து நாள். இதைத் தெரியாமல் போகிறவர்கள் ஆறாம் நாள் காலையில் திணறுவார்கள். அந்த ஐந்து நாளை ஓய்வுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளாமல், முதல் நாளே கேஸ் ஒர்க்கரிடம் 'அடுத்து எங்கே?' என்று தொடங்கிவிட வேண்டும். சமூக நலத்துறையின் அரசு சேவை இல்லமா, மத்திய அரசுத் திட்டத்தின் சக்தி சதன் இல்லமா, அம்மா வீடா, வேலை இருப்பவர் என்றால் அரசின் தோழி விடுதியா என்று பார்த்து வைத்தால்தான் ஐந்தாம் நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போக ஓர் இடம் இருக்கும். பெண் குழந்தை எந்த வயதானாலும் கூட வரலாம். ஆண் குழந்தைக்கு வயது வரம்பு உண்டு. பதினைந்து வயது மகனோடு வந்து வாசலில் நிற்கும் நிலை வராமலிருக்க, கிளம்பும் முன்பே போனில் வயதைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

நல்ல மையத்தின் அடையாளம் சுலபமாகத் தெரியும். வந்த பெண்ணை முதலில் உட்கார வைத்துச் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், அவளைத் தனியாகப் பேசவிடுவார்கள், அவள் கேட்காமல் வீட்டுக்குத் தகவல் சொல்ல மாட்டார்கள். மட்டமான மையம், அவளைப் பதிவேட்டில் எழுதுவதற்கு முன்பே கணவரை வரவழைத்து எதிரெதிரே உட்கார வைத்து 'கவுன்சலிங்' நடத்தும். அடித்தவர் முன்னால் உட்கார்ந்து யாரும் உண்மை பேச மாட்டார்கள். 'சேர்ந்து உட்கார எனக்குச் சம்மதமில்லை, தனியாகத்தான் பேசுவேன்' என்று சொல்ல உரிமை உண்டு. சட்டத்தில் கவுன்சலிங் வருவது நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) உத்தரவிட்ட பிறகு. அதிலும் இனி வன்முறை செய்யமாட்டேன் என்று எதிர்த்தரப்பு உறுதி எழுதித் தர வேண்டும்.

மகளிர் காவல் நிலையம்

காயம் பெரிது, வரதட்சணைக் கொடுமை, கொலை மிரட்டல் என்றால் போலீஸ் புகார் கட்டாயம் வேண்டும். பழைய 498ஏ இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவின் பிரிவு 85. 2024 ஜூலை 1 முதல் இதுதான். மூன்று வருடம் வரை சிறையும் அபராதமும்.

இதிலிருந்து என்ன எதிர்பார்க்கக்கூடாது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புகார் கொடுத்த உடனே கைது என்பது பழைய கதை. ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் கைதுக்குக் காரணம் எழுத வேண்டும். பெரும்பாலும் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து அனுப்புவார்கள். குடும்பத் தகராறு என்பதால் எஃப்.ஐ.ஆர். போடும் முன் பூர்வாங்க விசாரணையும் நடக்கும். அதாவது, நோட்டீஸ் வாங்கிய மனிதர் அதே ராத்திரி அதே வீட்டுக்கு, முன்னைவிடக் கோபத்தோடு திரும்பி வருவார். பாதுகாப்பு உத்தரவு இல்லாத எஃப்.ஐ.ஆர். அந்த ராத்திரிக்குக் காவல் நிற்காது.

ஸ்டேஷனில் செய்ய வேண்டியவை குறைவுதான். புகாரை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குவது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாமலிருப்பது. 'நாளைக்கு வாம்மா' என்று மூன்று முறை ஆனால், மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கு, மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்குப் புகாரை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி அந்த ரசீதையும் கோப்பில் சேர்ப்பது.

பிறகு 'எழுதிக் கொடுப்பது' என்ற சடங்கு. பெரியவர்கள் பேசி, அவர் 'இனிமேல் இப்படி நடந்துகொள்ள மாட்டேன்' என்று ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடுவார். அடுத்த தாள் இவளுக்கு: 'கோபத்தில் புகார் கொடுத்துவிட்டேன், மேல் நடவடிக்கை வேண்டாம்.' முதல் தாளுக்குச் சட்டப்படி ஒரு பலமும் கிடையாது, மீறினால் தண்டனை இல்லை. இரண்டாம் தாள் மட்டும் வருடக்கணக்கில் இவளுக்கு எதிராக நிற்கும். சமாதானமாகப் போவதென்றே முடிவெடுத்தாலும், நடந்தது நடக்கவில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. 'மேற்படி சம்பவம் நடந்தது உண்மை. எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்த உறுதியின் பேரில் இப்போதைக்கு நடவடிக்கை கோரவில்லை. மீண்டும் நடந்தால் நடவடிக்கை எடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று எழுதலாம். அவருடைய தாளின் நகலையும் கேட்டு வாங்கலாம்.

பாதுகாப்பு அலுவலர்

ஆரம்பத்தில் சொன்ன பெயர் தெரியாத அலுவலகம் இதுதான். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருப்பார். பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் வளாகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். வக்கீல் தேவையில்லை, ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை. வாயால் சொன்னால் அவர் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, எழுதியதன் நகலை இலவசமாக உடனே தர வேண்டும் என்பது விதி. பிறகு டி.ஐ.ஆர். தயாரித்து நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார், காவல் நிலையத்துக்கு ஒரு நகல் போகும்.

டி.ஐ.ஆர். எழுதும் விதத்தில்தான் வழக்கு நிற்கும், விழும். 'கணவர் அடிக்கடி குடித்துவிட்டு வந்து கொடுமை செய்கிறார்' என்ற வரியை நடுவர்கள் தினம் பத்து முறை படிக்கிறார்கள். அதை வைத்து எந்த உத்தரவும் போட முடியாது. படிவம் கேட்பது தேதி, நேரம், இடம், யார், என்ன. தேதி நினைவில்லையா? 'போன கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்', 'பையனுக்குக் காலாண்டுப் பரீட்சை நடந்த வாரம்' என்று சொன்னால் அலுவலர் நாட்காட்டி பார்த்துப் போட்டுக்கொள்வார். போவதற்கு முன் ஒரு தாளில் நான்கு சம்பவம் எழுதிக்கொண்டு போனால் போதும்: முதல் தடவை, மிக மோசமான தடவை, கடைசித் தடவை, மற்றவர் பார்த்த தடவை. நகைகளை 'சுமார் 20 பவுன்' என்று எழுதாமல் ஆரம், நெக்லஸ், வளையல் நான்கு என்று தனித்தனியாக, யார் போட்டது, இப்போது யாரிடம் என்று எழுத வேண்டும். சீதனத்தைத் திருப்பிக் கேட்கும்போது இந்தப் பட்டியல்தான் பேசும்.

அதே விதிகளில் படிவம் 5 என்று ஒன்று உண்டு, பாதுகாப்புத் திட்டம். எந்த வன்முறை மறுபடி நடக்கும் என்று பயப்படுகிறீர்கள், அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்று எழுதும் தாள். பல அலுவலகங்களில் இதைக் கேட்டால்தான் எடுப்பார்கள். கேளுங்கள்.

இந்தச் சேவையின் பெரிய குறை ஆள் பற்றாக்குறை. ஒரு மாவட்டம் முழுக்க ஒரே அலுவலர். அவரும் நீதிமன்றத்துக்கோ களத்துக்கோ போயிருப்பார். போன் பண்ணிவிட்டுப் போவது நல்லது. அலுவலரைப் பார்க்கவே முடியவில்லை என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை: டி.ஐ.ஆர். இல்லாமலும் நேரடியாக நடுவரிடம் மனு போடலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், எண் 15100. பெண் என்றால் வருமான வரம்பு கிடையாது. 'மாசம் நாற்பதாயிரம் சம்பளம் வாங்குறீங்க, உங்களுக்குக் கிடைக்காது' என்று யாராவது சொன்னால் அது தப்பு.

மனு எந்த ஊரில்? அவர் வீடு இருக்கும் ஊரில்தான் என்பதில்லை. அம்மா வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். சேலத்தில் கட்டிக்கொடுத்த பெண், தஞ்சாவூருக்குத் திரும்பி வந்து அங்கேயே போடலாம்.

கேட்கக்கூடியவை: பக்கத்தில் வரக்கூடாது, வேலை இடத்துக்கோ பிள்ளையின் பள்ளிக்கோ வரக்கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது, அல்லது அதே தரத்தில் வாடகை வீடு எடுத்துத் தர வேண்டும் என்ற வசிப்பிட உத்தரவு, மாதச் செலவு, மருத்துவச் செலவு, பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு, இழப்பீடு. "வீடு மாமனார் பேர்ல இருக்கு, உனக்கு உரிமையில்லை" என்ற வாதம் 2020-க்குப் பிறகு பழையபடி எடுபடாது. கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும், அங்கே குடித்தனம் நடத்தியிருந்தால் அது பகிர்ந்த இல்லமே என்றது உச்ச நீதிமன்றம். இது வசிக்கும் உரிமை, சொத்துப் பங்கு அல்ல. இரண்டையும் குழப்பினால் ஏமாற்றம்தான்.

முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், மனுவை முடிக்க முயல வேண்டியது 60 நாளுக்குள் என்கிறது சட்டம். அந்த அறுபது நாள் பெரும்பாலும் தாளில்தான். எதிர்த்தரப்பு நோட்டீஸ் வாங்காமல் இழுக்கும், வாய்தா கேட்கும். அதனால்தான் பிரிவு 23-இன் இடைக்கால உத்தரவு அவ்வளவு முக்கியம். பிரதான மனுவோடு படிவம் 3 பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துப் போட்டால், அவசரம் இருந்தால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே நடுவர் உத்தரவிட முடியும். வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இடைக்கால மனு சேர்த்துப் போட்டீங்களா?" இல்லையென்றால், வருடம் முழுக்க வாய்தாவுக்கு நடந்தும் கையில் ஒரு உத்தரவும் இருக்காது. மாதச் செலவு கேட்பதற்குச் சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரம் இரு தரப்பும் தாக்கல் செய்ய வேண்டும்; அவர் சம்பளச் சீட்டின் போட்டோ ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

உத்தரவு கிடைத்த நாளில் பலர் கோயிலுக்குப் போய்விட்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். நகல் இலவசம், அன்றே இரண்டு மூன்று பிரதி எடுத்து, காவல் நிலையத்தில் கொடுத்து முத்திரை வாங்கி, பிள்ளையின் பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் ஒன்றும், வேலை செய்யும் இடத்தில் ஒன்றும் கொடுக்க வேண்டும். போனில் ஒரு போட்டோவும் இருக்கட்டும். அவர் மீறி வந்தால் 112-க்கு அழைத்து, "வீட்டுக்காரர் தகராறு பண்றார்" என்று சொல்லாமல், "நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவை மீறி வந்திருக்கார், பிரிவு 31" என்று சொல்லுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறுவது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வராத குற்றம். ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். வந்த நேரத்தையும், அவர் நின்ற இடத்தையும் உடனே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மீறல் வழக்கில் அந்தப் பெண்ணின் சாட்சியம் ஒன்றையே போதுமானதாக எடுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.